கழிக்கு என்ன நோய்?

மெர்டேக்கா வருஷத்தில், அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷத்தில், மலாக்கா முழுக்கக் கொடி தைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஊரோரம் காஜா பெராங்கில் பயத்தங்காய் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். விவசாய அலுவலகம் ஒன்றில் கடைநிலை உதவியாளன். கல்யாணமாகாதவன். தெங்கேராவில் கடலை ஒட்டிய பலகை வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். சொந்தமென்று சொல்ல ஒரு சைக்கிள், ஒரு பூதக்கண்ணாடி. பூதக்கண்ணாடி கூட அலுவலகத்துடையதுதான்.

வேலை இதுதான். வாரந்தோறும் காய்கறித் தோட்டங்களுக்குள் நடந்து, செடிகளுக்கு என்ன நோய் வந்திருக்கிறது, எங்கே தொடங்கி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும். காஜா பெராங்கில் அப்போது வீடுகளுக்குப் பின்னால் எல்லாம் பயத்தங்காய்ப் பந்தல். கழிகளை இரண்டிரண்டாகச் சாய்த்துத் தலையில் கட்டி, வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். காலை வெயில் ஏறுவதற்குள் உள்ளே போய்விட வேண்டும். இலையின் அடியில் செம்பொடி அப்பியிருந்தால் துரு நோய். மேலே திருநீறு தூவியதுபோல் இருந்தால் சாம்பல் நோய். கொழுந்தில் கறுப்பாக மொய்த்துக்கொண்டு எறும்புகளுக்கு விருந்து வைத்துக்கொண்டிருப்பது அசுவினிப் பேன். இவை எதற்கும் நான் பயந்ததில்லை. பயந்தது தேமலுக்கு மட்டும்தான்.

தேமல் விழுந்த இலை அங்கங்கே வெளிறிப்போய், நரம்போரம் மட்டும் கரும்பச்சையாக நிற்கும். பிறகு கொப்புளம்போல் உப்பிச் சுருங்கும். செடி சாகாது. செத்துத் தொலைத்தால்கூடப் பரவாயில்லை. உயிரோடு நின்றுகொண்டு, குட்டையாக முறுக்கிய நாலு காயைக் காய்த்து, பக்கத்துச் செடிக்கு நோயைக் கொடுத்துக்கொண்டிருக்கும். மருந்து கிடையாது. கண்ட உடனே பிடுங்குவது ஒன்றுதான் வழி.

அது இரண்டு வகையாக வரும். விதைக்குள்ளேயே ஒளிந்து வருவது ஒன்று. நோயுள்ள செடியின் சாற்றைக் குடித்த அசுவினி பறந்து வந்து கொடுப்பது இன்னொன்று. எது என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. அசுவினி கொண்டுவந்தால் தோட்டத்தின் ஓரத்தில் தொடங்கி உள்ளே போகும். விதையில் வந்தால் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று தோட்டம் முழுக்கச் சிதறி, நாற்றுப் பருவத்திலேயே தெரிந்துவிடும். பயிற்சியில் எங்களுக்கு முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம். என் மேலதிகாரிக்கும் அதே பாடத்தைத்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம்மவர். தமிழர். வெள்ளைக்காரத் துரை மூட்டை கட்டிக்கொண்டு போனதும் அவருடைய நாற்காலியில் தற்காலிகமாக உட்கார்ந்தவர். அதை நிரந்தரமாக்கிக்கொள்ள வேண்டும் என்ற ஒரே நினைப்பு. எங்களிடம் நல்லபடியாகத்தான் பேசுவார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கைக்குட்டையில் அத்தர். தோட்டத்துக்கு வந்தால் வரப்போடு நின்றுகொள்வார். நம் ஆள் ஒருவர் அந்த அறையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நானும் முதலில் பெருமைப்பட்டவன்தான். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

முந்தின பருவத்தில் அலுவலகத்தின் சொந்தத் தோட்டத்தில் பயத்தங்காய் போட்டிருந்தோம். அதில் தேமல் இருந்தது. நான் பார்த்தேன், அவரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

"சார், இதுல விதை எடுக்க வேணாம். எல்லாத்தையும் காயாவே பறிச்சிடலாம்."

"எத்தனை செடிப்பா? அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. நோயே இல்லாத தோட்டம் உலகத்துல எங்க இருக்கு?"

"விதையில போகும் சார்."

"பாக்கலாம்" என்றார். அவர் அகராதியில் அதற்கு, வாயை மூடு என்று அர்த்தம்.

விதை எடுத்தார்கள். மெர்டேக்காக் கொண்டாட்டத்தை ஒட்டி ஊரில் காய்கறிக் காட்சி வைக்க ஏற்பாடாகியிருந்தது. அதில் எங்கள் அலுவலக விதையில் காய்த்த பயத்தங்காய் நடுமேசையில் இருக்க வேண்டும், கோலாலம்பூரிலிருந்து வருகிற பெரிய மனிதர்கள் அதைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். சின்னச் சின்னத் துணிப்பையில் கட்டி, காஜா பெராங் தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் அந்த விதையை இலவசமாகக் கொடுத்தார். சனங்கள் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்கள்.

ஒருத்தர் மட்டும் வாங்கவில்லை. அவர் ஒரு செட்டி அம்மாள். பல தலைமுறைக்கு முன்னே மலாக்காவுக்கு வந்து, இங்கேயே கலந்து, இங்கத்துப் பேச்சையே தாய்ப்பேச்சாக்கிக்கொண்ட குடும்பம். இடுப்பில் சாரோங் கட்டி, மேலே கெபாயாச் சட்டை போடுவார். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. தமிழில் சாமி பெயர்களும் சில பண்டங்களின் பெயர்களும் தெரியும், அவ்வளவுதான். ஆகவே நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் மலாய். நான் அவரை மக்சிக், அத்தை, என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் 'டிக்', அதாவது தம்பி. விதவை. பிள்ளைகள் சிங்கப்பூர்ப் பக்கம் போய்விட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் பயத்தங்காய் போட்டுக் காலையில் பசாருக்கு, சந்தைக்கு, விற்கக் கொண்டுபோவார்.

"எனக்கு என் விதை இருக்கு, டிக். உங்க சாருக்குக் கோபம் வராம நீயே சொல்லிடு" என்று சிரித்தார்.

நான் சொன்னேன். சாருக்குக் கோபம் வந்தது.

விதைத்துச் சில வாரங்களில் நான் பயந்தது கண்முன்னே முளைத்தது. ஒவ்வொரு தோட்டமாகப் போனேன். எங்கே பார்த்தாலும் அதே கோலம். இங்கே ஒரு நாற்று, நாலு தள்ளி ஒரு நாற்று, அந்தக் கோடியில் இரண்டு. ஓரத்தில் தொடங்கவில்லை, சிதறிக் கிடந்தது. அப்போது அசுவினியே அதிகம் வரவில்லை. மக்சிக்கின் தோட்டத்தில் மட்டும் ஒரு இலைகூட வெளிறவில்லை. நான் வரிசைக்கு வரிசை போய்க் குனிந்து பார்த்தேன். பூதக்கண்ணாடிக்கு வேலையே இல்லை.

அலுவலகத்துக்கு ஓடினேன்.

"சார், இப்ப நாத்தாத்தான் இருக்கு. தேமல் பட்டதை மட்டும் பிடுங்கச் சொல்லிடலாம். மிச்சம் பொழைச்சுக்கும். இன்னும் பத்து நாள் போனா அசுவினி வந்து எல்லாத்துக்கும் பரப்பிடும்."

அவர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "காரணம் கேப்பாங்களே. என்ன சொல்லுவ?"

"விதைன்னு சொல்லுவேன்."

"அலுவலகம் குடுத்த விதை நோய் விதைன்னு, காட்சிக்கு முன்னாடி, நீ போய்ச் சொல்லுவ."

"உண்மை அதுதானே சார்?"

"சொல்லாதே. இது உத்தரவு."

நான் வெளியே வந்து நேராகக் காஜா பெராங்குக்குப் போனேன். உத்தரவாவது ஒன்றாவது. வீடு வீடாக நின்று, வெளிறின நாற்றைப் பிடுங்குங்கள், விதை சரியில்லை என்று சொன்னேன். நின்று கேட்டார்கள். ஆனால் இலவசமாகக் கிடைத்ததைப் பிடுங்க யாருக்கு மனசு வரும்? அந்த வரிசைத் தோட்டக்காரர்களுக்குத் தலைவர்போல் ஒருவர் இருந்தார். லாரி ஓட்டுகிறவர், மக்சிக்குக்கு அடுத்த வேலிக்காரர். அவர் என்னைப் பார்த்து, "தம்பி, பெரியவரே வந்து குடுத்த விதை. நீ நேத்து வந்த ஆளு. எரு வச்சா இலை பச்சையாயிடும் லா" என்று முதுகில் தட்டினார். அவர் மனைவி மட்டும் வேலி ஓரமிருந்த சில நாற்றுகளைப் பிடுங்கி அடுப்பில் போட்டார். அதற்கும் அன்று வீட்டில் ஏச்சு வாங்கினார் என்று பிறகு தெரிந்தது.

மழை விட்டு வெயில் காய்ந்தது. அசுவினி வந்தது. கொழுந்து, பூக்காம்பு, பிஞ்சு எல்லாம் கறுப்பு. அதற்குப் பிறகு தேமல் நடந்து போகவில்லை, ஓடியது. வாராவாரம் நான் பார்க்க, வெளிறிய செடிகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன. கடைசியில் மக்சிக்கின் தோட்டத்திலும் புகுந்தது. எங்கே புகுந்தது? லாரிக்காரர் வேலி ஓரத்தில். அந்த ஓர வரிசை மட்டும் பட்டிருந்தது, உள்ளே எல்லாம் சுத்தம். மக்சிக்கும் நானும் சேர்ந்து அந்த வரிசையைப் பிடுங்கிப் புதைத்தோம். அடுத்த வாரம் அடுத்த வரிசை. அதையும் பிடுங்கினோம். அவர் முதுகை நிமிர்த்தி வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார், மறுபடி குனிந்தார்.

காய் இல்லை, காட்சி நெருங்குகிறது. தோட்டக்காரர்கள் அலுவலகத்துக்கே வந்து கேட்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் சார் ஒருநாள் காலை காஜா பெராங்குக்கு வந்தார். பின்னால் நான். சனங்கள் கூடினார்கள். அவர் வரப்பில் நின்றபடி நாலாப்பக்கமும் பார்த்தார். மக்சிக்கின் வேலி ஓரத்தில் நாங்கள் இன்னும் பிடுங்காத இரண்டு மூன்று செடிகள் வெளிறி நின்றன. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு அவற்றைக் காட்டினார்.

"இது யாரோட தோட்டம்?"

"செட்டியம்மாளோடது சார்" என்றார் லாரிக்காரர்.

"நம்ம விதை போட்டதா?"

"இல்ல சார். அது சொந்த விதை. நீங்க குடுத்ததை வேணாம்னுட்டாங்க."

"அப்ப இங்கேருந்துதான் பரவுது" என்றார். சாதாரணமாக, மணி என்ன என்று சொல்வதுபோல் சொன்னார். "எந்தக் காலத்து விதையோ. பரிசோதனை பண்ணாத விதை. இன்னைக்கே எல்லாத்தையும் பிடுங்கி எரிச்சிடுங்க. மத்தவங்க தோட்டமாவது தப்பும்."

"சார்!" என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். "இந்தத் தோட்டத்துல ஓரம் மட்டும்தான் பட்டிருக்கு. மத்த தோட்டத்துல நாத்துலேருந்தே சிதறி இருந்துச்சு. நீங்களே உள்ள வந்து பாருங்க. இங்கேருந்து அங்க போகல. அங்கேருந்துதான் இங்க வந்துச்சு."

அவர் என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "உனக்கு வேலை வேணுமா வேணாமா?" என்றார். பிறகு உரக்க, "தம்பி நின்னு பாத்துக்குவாரு. ஆரம்பிங்க" என்றார்.

நான் வேலியின் படலுக்கு முன்னால் போய் நின்றேன். "நான் பாத்துக்க மாட்டேன். இந்த அம்மா வீட்டுல இல்லாதப்ப யாரும் உள்ள போகக் கூடாது" என்றேன். மக்சிக் அப்போது பசாரில் இருந்தார். லாரிக்காரர் என் தோளைப் பிடித்து, முரட்டுத்தனமாகக்கூட இல்லை, ஒரு நாற்காலியை நகர்த்துவதுபோல் நகர்த்தினார்.

"ஒதுங்கு தம்பி. திருநீறு பூசிட்டா நம்ம ஆளாயிடுமா? ரெண்டு வார்த்தை தமிழ் பேசத் தெரியுமா அதுக்கு?"

தேமலுக்கும் தமிழுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது எனக்குச் சொல்ல வேண்டும். அன்றைக்குச் சொல்ல ஆள் இல்லை. லாரிக்காரரின் மனைவி மட்டும் தன் வேலிக்குள்ளிருந்து, "அந்தம்மா வரட்டும், கேட்டுட்டுச் செய்யுங்க" என்று கத்தினார். "உள்ள போடி" என்றார் கணவர். அந்த அம்மாள் உள்ளே போகவில்லை, வேலியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். ஆனால் நாலைந்து ஆம்பிளைகள் இறங்கிவிட்டால் ஒரு துண்டு நிலம் எவ்வளவு நேரம் தாங்கும்? செடி, கொடி, பிஞ்சு எல்லாவற்றையும் கழியோடு சாய்த்து இழுத்தார்கள். பூவும் பிஞ்சுமாக இருந்த, ஒரு புள்ளிகூட விழாத நடு வரிசைகளை இழுத்தார்கள். மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். சார் புகை தன் பக்கம் வருகிறது என்று காருக்குப் போய்விட்டார்.

மக்சிக் காலிக் கூடையோடு வந்தபோது நெருப்பு நன்றாகப் பிடித்திருந்தது. அவர் அழவில்லை. கூடையைக் கீழே வைத்தார். நெருப்பைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பாதி எரிந்த ஒரு கழியை வெளியே இழுத்து, மண்ணில் தேய்த்து அணைத்தார். பிறகு லாரிக்காரருக்கு முன்னால் போய் அந்தக் கழியை நீட்டினார்.

"செடிக்கு நோய்னு சொல்றீங்க. கழிக்கு என்ன நோய்? இதை ஏன் எரிச்சீங்க?"

மலாயில்தான் கேட்டார். அங்கிருந்த எல்லோருக்கும் மலாய் தெரியும். லாரிக்காரர் வேறு பக்கம் பார்த்தார். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். நானும் மக்சிக்கும் மிச்சமிருந்த கழிகளை இழுத்துப் போட்டோம். என் கையில் கொப்புளம் வந்தது. அவர் என்னைப் போகச் சொல்லவில்லை.

அன்று தெங்கேராவுக்கு எப்படிச் சைக்கிள் மிதித்தேன் என்று தெரியாது. சாப்பிடவில்லை. கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தி என்ன ஆகும்? வாய்ப்பேச்சை யாரும் மதிக்கப்போவதில்லை, கண்ணால் பார்த்தால்தான் ஒப்புக்கொள்வார்கள் என்று தோன்றியது. மறுநாள் அலுவலகக் கிடங்கில் மீந்திருந்த அதே விதையில் ஒரு கைப்பிடி எடுத்தேன். மக்சிக்கிடம் போய் அவருடைய விதையில் ஒரு கைப்பிடி கேட்டேன்.

"எதுக்கு?"

"முளைக்க வச்சு எல்லாருக்கும் காட்டப் போறேன்."

"காட்டினா என் செடி திரும்ப வருமா?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே உள்ளே போய், சாம்பல் கலந்து கண்ணாடிப் போத்தலில் வைத்திருந்த விதையைக் கொண்டுவந்து கொட்டினார்.

மண்ணெண்ணெய் டின்கள் இரண்டைப் பாதியாக வெட்டினேன். மண்ணில் ஏற்கெனவே நோய் இருந்தது என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காகக் கடற்கரை மணலைக் கழுவி, அடுப்பில் வறுத்து, எருவும் போடாமல் நிரப்பினேன். ஒரு டின்னில் அலுவலக விதை, இன்னொன்றில் மக்சிக்கின் விதை. அசுவினி உள்ளே போகாதபடி மூட வேண்டும். கொசுவலையின் கண் பெரிது, பேன் நுழைந்துவிடும். மெர்டேக்காவுக்குக் கட்டிக்கொள்ள ஒரு மல் வேட்டி வாங்கி வைத்திருந்தேன். அதைக் கிழித்து, குச்சி நட்டு, இரண்டு டின்னுக்கும் கூடாரம்போல் கட்டினேன். வீட்டுக்கார அம்மாள் எட்டிப் பார்த்து, "புது வேட்டியையா கிழிச்ச? பைத்தியமா உனக்கு?" என்றார். ஆமாம் என்றேன்.

காலையும் மாலையும் பார்த்தேன். முதலில் வந்த இரட்டை இலைகள் இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தன. பிறகு மும்மூன்றாகப் பிரிந்த இலைகள் விரிந்தன. அலுவலக டின்னில் அங்கங்கே ஒன்று வெளிறி, நரம்போரம் கரும்பச்சையாகி, சுருங்கத் தொடங்கியது. மக்சிக்கின் டின் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் இன்னும் ஏறியது. இவ்வளவு சின்ன வேலை. விதையைக் கொடுப்பதற்கு முன்னால் இதை அலுவலகத்தில் யாராவது செய்திருக்கலாம்.

இரண்டு டின்னையும் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். துணியை அவிழ்த்தேன். எந்த விதை எது என்று சொன்னேன். அவர் குனிந்து, ஒரு இலையை விரலால் திருப்பி, நரம்பைப் பார்த்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் ஒரு இலையை அப்படித் திருப்பி நான் பார்த்ததில்லை. தொழில் தெரிந்த ஆளின் விரல் அது.

"தெரியும்" என்றார்.

"என்ன சார்?"

"விதைதான்னு தெரியும். நாத்துலயே தெரியும். நீ சொன்னதுக்கு முன்னாடியே தெரியும். எனக்குப் படிப்பு இல்லன்னு நெனச்சியா?"

தெரியாமல் செய்துவிட்டார், பிடிவாதக்காரர், வறட்டு கௌரவம் என்றெல்லாம்தான் அதுவரை நினைத்திருந்தேன்.

"அப்ப ஏன் சார் அந்த அம்மா தோட்டத்தை..."

"நான் இந்த நாற்காலிக்கு வர எத்தனை துரைங்களுக்குக் குடை புடிச்சிருக்கேன் தெரியுமா உனக்கு? நாளைக்கு நாடு நம்ம கைக்கு வருது. இந்த நேரத்துல ஒரு விதைக்காக நான் கீழ இறங்கணுமா? அவங்களுக்கு ஒரு துண்டு நிலம். இன்னொரு தடவை போட்டா முளைக்கும். இதைக் கொண்டுபோய்க் குப்பையில போட்டுட்டு உன் வேலையைப் பாரு."

குப்பையில் போடவில்லை. சைக்கிள் கேரியரில் இரண்டு டின்னையும் கட்டிக்கொண்டு காஜா பெராங்குக்குப் போனேன். லாரிக்காரர் வீட்டு வாசலில் சாக்கடைப் பலகைமேல் வைத்து, எல்லோரையும் கூப்பிட்டேன். நான் கூப்பிட்ட கூப்பாட்டில் வராதவர்களும் வந்தார்கள். மக்சிக்கும் வந்து பின்னால் நின்றார்.

"இது சார் குடுத்த விதை. இது மக்சிக் விதை. ரெண்டும் வறுத்த மணல். ரெண்டும் துணிக்குள்ள இருந்துச்சு. ஒரு பேன் உள்ள போகல. பாருங்க."

பார்த்தார்கள். தோட்டம் போடுகிறவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. லாரிக்காரர் உட்கார்ந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப... அவங்க செடி எங்க செடியாலதான் கெட்டுச்சா?"

"ஆமா."

"சார் சொன்னாரு. செஞ்சோம். எங்களுக்கு என்ன தெரியும்?"

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குள் ஏதோ அறுந்தது. "சார் சொன்னா உங்க கையை வெட்டிப் போட்டுடுவீங்களா? வேலியில நின்னு நான் சொன்னேன் இல்ல? உங்க வீட்டம்மா சொன்னாங்க இல்ல? பூவும் பிஞ்சுமா நின்ன செடியை இழுத்தப்ப உங்க கண்ணு எங்க போச்சு? மெர்டேக்கா வருதாம் மெர்டேக்கா! இவ்வளவு நாள் வெள்ளைக்காரன் சொன்னதைச் செஞ்சீங்க, இனிமே இவரு சொல்றதைச் செய்வீங்க!" இன்னும் என்னென்னவோ சொன்னேன். வயதில் பெரியவர்கள். அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று பிற்பாடு பலர் எனக்குச் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

அன்றே எல்லோரும் வெளிறிய பயிரை அடியோடு பிடுங்கினார்கள். அந்தப் பருவம் காஜா பெராங்கில் பயத்தங்காய் கிடையாது. மக்சிக்கிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. லாரிக்காரர் மட்டும் ஒரு கட்டுப் புதுக் கழியைக் கொண்டுவந்து அவர் வேலி ஓரம் சாத்திவிட்டு, சொல்லாமல் போனார். மக்சிக் அதைத் தூக்கித் தெருவில் போட்டார். இரண்டு நாள் அது தெருவிலேயே கிடந்தது. பிறகு யாரோ எடுத்துப் போனார்கள்.

காட்சி நடந்தது. நானும் போயிருந்தேன், அலுவலக ஆள் போகாமல் இருக்க முடியாது. கொடித் தோரணம், பேண்டு வாத்தியம், எல்லோர் முகத்திலும் சிரிப்பு. அந்தச் சிரிப்பு பொய்யில்லை. நாடு பிறந்திருந்தது, சனங்கள் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தார்கள். நடுமேசையில் வெள்ளைத் துணி விரித்து நீள நீளமாகப் பயத்தங்காய். எங்கிருந்து வந்தது என்று கிட்டே போய்ப் பார்த்தேன். பசாரில் சீனத் தோட்டக்காரர்கள் வாழைநார் போட்டு முடிச்சுப் போடுகிற அதே கட்டு. முடிச்சைக்கூட அவிழ்க்கவில்லை. அதன்மேல் எங்கள் அலுவலக விதை என்று அட்டை. சார் பக்கத்தில் நின்று வந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கை தட்டினார்கள். அந்த மேசையைக் கவிழ்க்க வேண்டும் என்று நின்ற இடத்தில் என் கால் துடித்தது. கூட்டம் நிறையக் குழந்தைகள். வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த மாதமே அவருக்கு நாற்காலி நிரந்தரமாயிற்று. எனக்கு மாற்றல். வடக்கே ஒரு நெல் ஊருக்கு. கிளம்புவதற்குள் காஜா பெராங்கில் இன்னொன்றும் நடந்தது.

மக்சிக் மறுபடி விதைத்திருந்தார். நாற்று முழங்கால் உயரம் வந்து, ஒரு இலைகூடக் கறையில்லாமல் நின்றது. அதைப் பார்த்துவிட்டு, பிடுங்க வந்த அதே ஆட்கள் விதை கேட்டு ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். மக்சிக் கதவைத் திறக்கவில்லை. அவர்கள் என்னிடம் வந்தார்கள்.

"தம்பி, நீ சொன்னா குடுக்கும். ஒரு வார்த்தை சொல்லு லா."

"சொல்ல மாட்டேன்."

"ஊரே தோட்டமில்லாம கெடக்கு தம்பி."

"கெடக்கட்டும்" என்றேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன். அவர்கள் பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தன் தோட்டம் எரிந்த ஒருத்தரிடம் போய், மனம் இளகு என்று கேட்க எனக்கு என்ன உரிமை?

ஒருநாள் நான் உள்ளே இலை பார்த்துக்கொண்டிருந்தபோது லாரிக்காரரின் மனைவி வேலி அருகே வந்து நின்றார். விதை கேட்கவில்லை. மலாய் தடுமாறும் அவருக்கு. "மக்சிக், அன்னைக்கு நான் கத்தினேன். யாரும் கேக்கல. இன்னும் பலமா கத்தியிருக்கணும்" என்றார்.

மக்சிக் களை பறித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியும். அன்னைக்குச் சாயங்காலம் எதிர்வீட்டுல சொன்னாங்க" என்றார். பிறகு எழுந்து வீட்டுக்குள் போனார். போத்தலைக் கொண்டுவந்து, அந்த அம்மாளின் முந்தானையில் பாதியைக் கொட்டினார்.

"இது உனக்கு. நீ விதை, நீ பாத்துக்கோ. யாருக்குக் குடுக்கணும், யாருக்குக் குடுக்கக் கூடாதுன்னு நீயே முடிவு பண்ணிக்கோ. உன் புருஷன் கால் மட்டும் என் வேலிக்குள்ள வரக் கூடாது. அவ்வளவுதான்."

அந்த அம்மாள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார். மக்சிக் அழவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து களை பறித்தார். அடுத்த பருவம் அந்த வரிசை முழுக்க அந்த விதைதான் ஓடியது என்று கேள்விப்பட்டேன். எல்லோரும் லாரிக்காரரின் மனைவியிடம்தான் கேட்டு வாங்கினார்களாம். அவரும் ஒவ்வொருவரையும் வாசலில் நிற்க வைத்துத்தான் கொடுத்தாராம். மக்சிக் சாகும்வரை லாரிக்காரரிடம் பேசவில்லை. அதைக் கேட்டபோது எனக்கு நிறைவாக இருந்தது.

நான் நெல்லுக்குப் போய், பிறகு மிளகுக்குப் போய், கடைசிவரை இலை பார்க்கிற வேலையிலேயே ஓய்வு பெற்றேன். எந்த ஊருக்குப் போனாலும் விதை கொடுப்பதற்கு முன் வறுத்த மணலில் போட்டுப் பார்க்காமல் ஒரு பையைக்கூட வெளியே அனுப்ப விட்டதில்லை. அதற்காக எனக்கு முசுடு என்று பெயர் வந்தது.

பல வருஷம் கழித்து மலாக்காவில் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் பிள்ளையார் கோயில் வாசலில் அந்தச் சாரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்து, கைத்தடி ஊன்றி, மகன் கார் கொண்டுவரக் காத்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். கையைப் பிடித்துக்கொண்டார். நல்லபடியாகத்தான் பேசினார்.

"அந்தக் காலத்துல உம்மேல எனக்கு ஒரு கோபமும் கெடையாது, தம்பி. நீ நல்ல வேலைக்காரன்" என்றார்.

கையை விடுவித்துக்கொண்டேன். "எனக்கு உங்க மேல இருந்துச்சு சார். இப்பவும் இருக்கு."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கோயிலுக்குள் போனேன்.